தளத்தில் 35 சென்டிமீட்டர்: ஏடிவி ஏற்றும் ட்ரெய்லரைத் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஏடிவி, அதாவது கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி, ஏற்றிச் செல்ல ட்ரெய்லர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது அளவு நாடாவைத்தான். வண்டியின் நீள அகலம் ட்ரெய்லர் தளத்தின் நீள அகலத்துக்குள் அடங்கிவிட்டால் பேச்சு நேரே விலைக்குப் போய்விடும். இந்த ஆய்வில் வரும் தம்பதியும் முதல் ட்ரெய்லரை அப்படித்தான் வாங்கினார்கள். இரண்டு ஏடிவியும் அதில் அளவெடுத்துத் தைத்ததுபோல் நின்றன. சிக்கலே அங்குதான் இருந்தது.

ஏடிவி ஏற்றும் ட்ரெய்லரில் தளம் வண்டிகளைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும், அந்தக் கொஞ்சம்தான் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை இவர்களுடைய எண்களை வைத்தே சொல்கிறேன்.

நடந்தது

இழுக்கும் வண்டி நடுத்தர அளவுள்ள எஸ்யூவி. அதன் கையேட்டில் மூன்று எண்கள் இருந்தன: பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் 2000 கிலோ வரை, பிரேக் இல்லாதது என்றால் 750 கிலோ வரை, இழுக்கும் கொக்கியின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடை 100 கிலோ வரை. இந்த மூன்றாவது எண்ணைக் கொக்கிச் சுமை என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் குறைவாகக் கவனிக்கப்படுவது இதுதான். இந்தக் கதை முழுக்க வரப்போவதும் இதுதான்.

ட்ரெய்லர் ஒற்றை ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் குறுக்கு அச்சு) கொண்டது. தளம் 4.3 மீட்டர் நீளம், காலி எடை 430 கிலோ, தகட்டில் அனுமதித்த மொத்த எடை 1350 கிலோ. முன்னால் உந்தினால் தானே பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் இருந்தது. இரண்டு ஏடிவியும் 2.1 மீட்டர் நீளம். ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் தளத்தில் மிச்சம் 10 சென்டிமீட்டர்.

நீண்ட இறக்கத்தில் மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது பெரிய லாரி ஒன்று அவர்களை முந்தியது. லாரியின் காற்று தள்ளியதில் ட்ரெய்லரின் வால் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. அத்தோடு நிற்கவில்லை, அடுத்த வீச்சு முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது. ஓட்டியவர் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. அவர் செய்தது முழுக்கச் சரி. இப்படி ஆடும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டினாலும், வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கப் பார்த்தாலும் ஆட்டம் வளரத்தான் செய்யும்.

ட்ரெய்லர் எடை தாங்கவில்லை, இதைவிடப் பெரிதாக வாங்க வேண்டும் என்று இருவரும் முடிவு கட்டியிருந்தார்கள். வாங்குவதற்கு முன் எடை போட்டுப் பார்ப்போம் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

எடைக் கணக்கு

பெரிய ஏடிவியின் விளம்பரத் தாளில் 330 கிலோ என்று இருந்தது. தராசில் நின்றது 405 கிலோ. விளம்பரத் தாளில் பல நேரம் வருவது உலர் எடை: பெட்ரோல், ஆயில், கூலன்ட் எதுவும் இல்லாத எடை. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே டேங்க் நிறைந்தாலே 13 கிலோ கூடிவிடும். அதற்கு மேல் வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி), முன் காப்புக் கம்பி, பின்னால் கருவிப் பெட்டி. வாங்கிய நாளிலிருந்து ஆசை ஆசையாய்ப் பூட்டிய ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. இரண்டாவது ஏடிவி 380 கிலோ. எரிபொருள் கேன்களும் தனிக் கருவிப் பெட்டியும் சேர்ந்து 60 கிலோ.

ஆக, 430 + 405 + 380 + 60 = 1275 கிலோ. தகட்டு வரம்பான 1350-க்குள் இருக்கிறது, காரின் 2000-க்கு வெகு கீழே இருக்கிறது. எடை தாங்கவில்லை என்ற பேச்சு இங்கேயே முடிந்துவிட்டது.

அடுத்து கொக்கிச் சுமை. காரிலிருந்து கழற்றிய ட்ரெய்லரின் மூக்கை, அதாவது கொக்கியில் மாட்டும் முன்முனையை, ஓடும்போது இருக்கும் அதே உயரத்தில் ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, கட்டைக்கு அடியில் வீட்டில் எடை பார்க்கும் கருவியை வைத்தோம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அணை வைத்து, தளம் மட்டமாக இருக்கும்படி செய்தால் இந்த முறை நம்பத் தகுந்தது. கருவி காட்டியது 40 கிலோ. மொத்த எடையில் 3 சதவீதம்!

அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லும் அளவு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். ஐரோப்பிய வழக்கு இதைவிடக் குறைவு. அங்கே விற்கும் கார்களில் கொக்கிச் சுமை வரம்பு பெரும்பாலும் 75, 100 கிலோ என்ற அளவில்தான் இருக்கும்; ட்ரெய்லர் இழுக்கும்போது வேக வரம்பும் குறைவு. இரண்டில் எது சரி என்று சண்டை போடத் தேவையில்லை. உங்கள் காரின் கையேடும் கொக்கியின் தகடும் சொல்வதில் குறைவான எண்ணே கடைசி வரம்பு, அதை நெருங்கி நிரப்புவதே நல்லது. சதவீதம் குறைவாக அமைந்தால் வேகத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். 3 சதவீதம் என்பது எந்த வழக்கிலும் ஆபத்தான அளவு.

ஏன் ஆடியது

ட்ரெய்லர் ஒரு தராசு என்றால் ஆக்சில் அது சாயும் நடுப்புள்ளி. முன்பக்கம் கனமாக இருந்தால் மூக்கு கொக்கியை அழுத்தும், பின்பக்கம் கனமாக இருந்தால் தூக்கும். மூக்கில் போதிய அழுத்தம் இல்லாதபோது காற்றோ பள்ளமோ வாலை ஒரு பக்கம் தள்ளினால், பின்னால் இருக்கும் கனம் அந்த வீச்சை இன்னும் வெளியே இழுத்துக்கொண்டு போகும். குறைந்த வேகத்தில் டயர்களின் பிடி அந்த ஆட்டத்தை விழுங்கிவிடும். வேகம் கூடக்கூட அந்த அடக்கும் சக்தி குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகிவிடும். மணிக்கு 80-இல் ஒழுங்காக வந்த ட்ரெய்லர் 95-இல் பேயாட்டம் ஆடுவது இதனால்தான். இறக்கத்தில் ட்ரெய்லர் காரைப் பின்னாலிருந்து தள்ளவும் செய்யும், நிலைமை இன்னும் மோசமாகும்.

அன்று சுமை எப்படி இருந்தது என்று கேட்டபோது எல்லாம் வெளிச்சமாயிற்று. 380 கிலோ ஏடிவியை முதலில் ஏற்றியிருக்கிறார்கள், கனமான 405 கிலோ வண்டி பின்னால். அதன் கருவிப் பெட்டியும் பின்பக்கமே. கேன்களும் தனிப் பெட்டியும் எடுக்க வசதியாகப் பின்கதவை ஒட்டி. கடைசி மூன்றும் ஆக்சிலுக்குப் பின்னால். கடைக்கோடியில் வைத்த 60 கிலோ மட்டுமே கொக்கிச் சுமையில் 30 கிலோவைத் தின்றிருந்தது. அதோடு, வாலில் இருக்கும் எடை ட்ரெய்லரைச் சுழற்றிவிட்டால் நிறுத்தக் கடினமாக்கும். ஒரே எடை நடுவில் இருப்பதும் ஓரத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

வண்டிகளின் வரிசையை மாற்றினோம். கேன்களையும் பெட்டியையும் ஆக்சிலுக்கு நேர் மேலே ஓரமாகக் கட்டினோம். கருவி 90 கிலோ காட்டியது, மொத்தத்தில் 7 சதவீதம். ஒரு காசு செலவில்லை. அதே ட்ரெய்லர், அதே கார், அதே இறக்கம், ஆட்டம் இல்லை.

ஆனால் இந்த வெற்றிக்கு ஓர் எல்லை இருந்தது. தளத்தில் மிச்சம் 10 சென்டிமீட்டர்தானே? பெட்டி காலியானாலோ, வண்டியில் புதிதாக ஏதாவது பூட்டினாலோ, வண்டிகளை முன்பின் நகர்த்திச் சரிசெய்ய இடமே கிடையாது. அன்று சரியாக அமைந்தது கொஞ்சம் தற்செயல் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வண்டி மாறியது, கணக்கும் மாறியது

பிறகு அவர்கள் சின்ன ஏடிவியைக் கொடுத்துவிட்டு சைடு-பை-சைடு ஒன்று வாங்கினார்கள். ஏடிவியில் பைக் மாதிரி கால் இருபுறமும் போட்டு ஹேண்டில்பார் பிடித்து ஓட்டுவோம். சைடு-பை-சைடில் இருக்கை, ஸ்டியரிங், உருளும்போது காக்கும் கூண்டு எல்லாம் உண்டு. இந்த வண்டி 2.95 மீட்டர் நீளம், 1.57 மீட்டர் அகலம், எல்லாம் நிறைந்த நிலையில் 720 கிலோ.

அகலம் பற்றி ஒரு வார்த்தை. 2007-இல் போலாரிஸ் நிறுவனம் ஆர்இசட்ஆர் என்ற வண்டியைக் கொண்டுவந்தபோது அதன் அகலத்தை 50 அங்குலத்தில், அதாவது 127 சென்டிமீட்டரில் நிறுத்தியது. அமெரிக்க வனப் பாதைகள் பலவற்றில் அதற்கு மேல் அகலமான வண்டிக்கு இடமில்லை. பிறகு அதே பெயரில் 64 அங்குலம், 72 அங்குலம் என்று வண்டிகள் விரிந்துகொண்டே போயின. ஏடிவிக்காக வாங்கிய 1.5 மீட்டர் தளம் பல வீடுகளில் பயனில்லாமல் நிற்பதற்கு இந்த விரிவுதான் காரணம். அடுத்த வண்டி எதுவாக இருக்கும் என்று யோசித்து அகலத்தை இப்போதே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

405 + 720, அதோடு சாமான் 70. மொத்தம் 1195 கிலோ சுமை. நீளத்தில் 2.1 + 2.95, நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி, மொத்தம் 5.15 மீட்டர். பழைய ட்ரெய்லர் எடையிலும் நீளத்திலும் போதாது.

பார்த்தவை, தள்ளியவை

மூடிய ட்ரெய்லர்மேல் கணவருக்கு ஆசை இருந்தது. மழை படாது, திருட்டுப் பயம் குறைவு, சாமான்களை உள்ளேயே பூட்டிவைக்கலாம். நியாயமான ஆசைதான். ஆனால் இந்த நீளத்தில் அவர்கள் பார்த்த மூடிய ட்ரெய்லரின் காலி எடை 1200 கிலோ. சுமையோடு 2395. காரின் வரம்பு 2000. இதில் பேச ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு அந்த உயரமான முன்சுவர் காற்றை நேருக்கு நேர் வாங்கும், பக்கக் காற்றிலும் அதிகம் தள்ளப்படும். பெட்ரோல் வண்டிகளை மூடிய இடத்தில் வைப்பதால் காற்றோட்டத் துளைகளும் கட்டாயம்.

அடுத்தது திறந்த இரும்பு ட்ரெய்லர், இரட்டை ஆக்சில், 5.5 மீட்டர் தளம், காலி எடை 800 கிலோ. உறுதியானது, வளைந்தால் எங்கும் வெல்டிங் செய்துகொள்ளலாம். மொத்தம் 1995 கிலோ வந்தது. வரம்புக்கு 5 கிலோ கீழே! ஒரு தண்ணீர் கேன் ஏற்றினால் தாண்டிவிடும். காகிதத்தில் தேர்ச்சி பெற்றாலும் நான் இதை வேண்டாம் என்றே சொன்னேன். வரம்பு என்பது தினமும் தொட்டுக்கொண்டு ஓட வேண்டிய எண் அல்ல. ஏற்றம், வெயில், எதிர்க்காற்று எல்லாவற்றுக்கும் இடம் விட வேண்டும்.

ஏடிவியை முன்பக்கம் குறுக்காக ஏற்றும் பக்கவாட்டு ராம்ப் (வண்டி ஏறும் சாய்வுப் பலகை) கொண்ட 4.9 மீட்டர் ட்ரெய்லரும் இருந்தது. நீளம் நன்றாக மிச்சமாகும், கேட்கவே அழகாக இருந்தது. கணக்கில்தான் உடைந்தது. 405 கிலோ முழுவதும் மூக்கின் அருகே குவிவதால் கொக்கிச் சுமை ஏறிவிடுகிறது. அதை 100-க்குள் கொண்டுவர சைடு-பை-சைடைப் பின்னால் தள்ளினால் அது பின்கதவைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதிகக் கொக்கிச் சுமை தாங்கும் பெரிய பிக்கப் இருந்தால் இதுவே நல்ல தேர்வாக இருந்திருக்கும்.

கடைசியில் நின்றது அலுமினிய இரட்டை ஆக்சில்: தளம் 5.5 மீட்டர், காலி எடை 560 கிலோ, தகட்டில் 2000 கிலோ. சுமையோடு 1755 கிலோ, காரின் வரம்புக்கு 245 கிலோ கீழே. விலை கூடுதல்தான். ஆனால் அந்தக் கூடுதலில் வாங்குவது 240 கிலோ எடைக் குறைப்பு, அது ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒவ்வொரு பிரேக்கிலும் திரும்பி வருகிறது.

இரட்டை ஆக்சில் வேண்டுமா என்ற கேள்விக்கு இந்த எடையில் எனக்குத் தயக்கமே இல்லை. நேராக ஓடும் குணம் அதிகம். ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்து டயர் ட்ரெய்லரைத் தாங்கிப் பிடிக்கும். நான்கு டயர், நான்கு பேரிங் பராமரிப்பதும், கையால் தள்ளித் திருப்ப முடியாததும் அதன் விலை. 405 கிலோ ஏடிவி ஒன்றே ஒன்றுதான் என்றால் ஒற்றை ஆக்சில் தாராளமாகப் போதும்.

35 சென்டிமீட்டர் செய்த வேலை

5.5 மீட்டர் தளத்தில் 5.15 போக மிச்சம் 35 சென்டிமீட்டர். இந்த இடம் இருந்ததால்தான் அந்த ட்ரெய்லரை எடுக்கச் சொன்னேன்.

எந்த வண்டி முன்னால் என்று முதலில் பார்த்தோம். கனமானது முன்னால் என்ற பழைய தீர்வை அப்படியே வைத்தால் கொக்கிச் சுமை 160 கிலோவைத் தாண்டியது, கார் தாங்காது. ஏடிவி முன்னால், சைடு-பை-சைடு பின்னால் என்று மாற்றி, கனமான வண்டியின் எடைமையம் ஆக்சில்களுக்குச் சற்றுப் பின்னே வரும்படி வைத்தோம். ஏடிவி முன்தடுப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் கணக்கில் 124 கிலோ. இரண்டையும் 10 சென்டிமீட்டர் பின்னால் எடுத்தால் 100. இன்னும் 10 எடுத்தால் 75. அதாவது இந்த ட்ரெய்லரில் ஒவ்வொரு 10 சென்டிமீட்டரும் 25 கிலோ!

இவர்கள் 100-க்கு ஒரு விரல் கீழே, 95 கிலோ அளவில் நிறுத்தினார்கள். மொத்தத்தில் ஐந்தரைச் சதவீதம் வருகிறது, ஆகவே மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை என்று இருவருமே தீர்மானித்துக்கொண்டார்கள். கேன்களுக்கும் பெட்டிக்கும் ஆக்சிலுக்கு மேலே இடம் ஒதுக்கியாயிற்று; அங்கே இருந்தால் கூடினாலும் குறைந்தாலும் கொக்கிச் சுமை மாறாது. அந்தச் சுமை காரின் பின் ஆக்சிலில்தான் இறங்குகிறது என்பதால், காருக்குள் ஏற்றும் ஆட்கள், சாமான்களின் கணக்கிலும் அதைச் சேர்க்க வேண்டும்.

தளம் மட்டமாக ஓட வேண்டும் என்பதும் முக்கியம். மூக்கு தூக்கி நின்றால் சில இரட்டை ஆக்சில் ட்ரெய்லர்களில் பின் ஆக்சிலே பெரும்பாரத்தைச் சுமக்கும். காரின் கொக்கியில் உள்ள பந்தின் உயரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பந்தும், அதன்மேல் உட்காரும் ட்ரெய்லரின் கப்ளரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர் ஒன்றே வழக்கம். அமெரிக்காவில் ஒன்றே முக்கால் சொச்சம், 2, 2-க்குச் சற்று மேல் என்று பல அங்குல அளவுகள் உண்டு. பெரிய கப்ளர் சின்னப் பந்தில் உட்கார்ந்ததுபோல் தோன்றிவிட்டு, குலுக்கலில் கழன்றுவிடும்.

ஏற்றுவதும் கட்டுவதும்

தளம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம். 1.2 மீட்டர் ராம்ப் வைத்தால் சாய்வு 25 பாகை, 2.1 மீட்டர் என்றால் 14 பாகை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓட்டி ஏற்றியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்குத்தான ராம்பில் ஏடிவி பின்னால் மல்லாந்துவிடும். நீளமான சைடு-பை-சைடின் வயிறு ராம்ப் முடியும் விளிம்பில் தட்டும். தனியாகக் கழற்றி மாட்டும் ராம்ப் என்றால் அதைச் சங்கிலியால் ட்ரெய்லரோடு கட்டியே ஆக வேண்டும். சக்கரம் உதைத்த உதையில் ராம்ப் நழுவி வண்டி விழுவது ஏடிவி ஏற்றுவதில் அடிக்கடி நடக்கும் விபத்து.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. 720 கிலோ வண்டி பின்விளிம்பில் ஏறும் அந்த நொடியில் மூக்கு மேலே கிளம்பப் பார்க்கும். தளம் காலியாக இருந்தால் கொக்கியை 200 கிலோவுக்கு மேல் மேல்நோக்கித் தூக்கும், காரின் பின்சக்கரப் பிடி தளர்ந்து எல்லாமே நகரலாம். இவர்கள் வாங்கும்போதே பின்மூலைகளில் இறக்கிவிடும் தாங்குகால்கள் கேட்டு வாங்கினார்கள். காரை மாட்டாமல் ஏற்றுவது கூடவே கூடாது.

கட்டுவதற்கு அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணைச் சொல்கின்றன: முன்னோக்கி எடையில் 0.8 மடங்கு, பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 மடங்கு விசையைக் கட்டு தாங்க வேண்டும். 720 கிலோ வண்டி, பலமாகப் பிரேக் போட்டால், 576 கிலோ விசையோடு முன்னே பாயும். பெல்ட் சாய்வாகப் போவதால் அதன் பலத்தில் ஒரு பகுதிதான் அந்தத் திசையில் வேலை செய்யும். ஆகவே பைக் கட்டும் 25 மில்லிமீட்டர் பெல்ட்டை மறந்துவிடுங்கள். 50 மில்லிமீட்டர் ராட்செட் (கைப்பிடியை அசைத்து இறுக்கும்) பெல்ட், வண்டிக்கு நான்கு. பெல்ட்டில் அறுபடும் பலமும் வேலைச் சுமை வரம்பும் தனித்தனியாக இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டாவதை, அது முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். சாமான் வைக்கும் ராக்கிலோ ஹேண்டில்பாரிலோ மாட்டாமல் சேஸிஸிலோ சக்கரத்தின் அருகே உள்ள சஸ்பென்ஷன் கையிலோ மாட்டலாம். சக்கரத்தின் மேலேயே வலைபோலப் போடும் பெல்ட் இன்னும் நல்லது: சஸ்பென்ஷன் எவ்வளவு குதித்தாலும் கட்டு தளராது. ட்ரெய்லரில் வளையங்கள் சட்டத்தோடு வெல்டிங் செய்யப்பட்டிருக்கின்றனவா, மரப்பலகையில் திருகி வைத்தவையா என்று குனிந்து பாருங்கள். பலகையில் திருகியதை நான் ஏற்க மாட்டேன்.

டயர், பேரிங், உரிமம்

ட்ரெய்லர் டயர்களில் எஸ்டி என்று குறித்த வகை அமெரிக்காவில் அதிகம். தனியாக வேகக் குறி இல்லாவிட்டால் அவற்றுக்கு மணிக்கு 105 கிலோமீட்டர்தான் வரம்பு. டயரின் மேற்பரப்பு தேயும் முன்பே வெயிலில் வயதாகிவிடும் என்பதால் பழைய ட்ரெய்லர் வாங்கும்போது பக்கவாட்டில் பொறித்த தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் படிக்க வேண்டும். முதல் நிறுத்தத்தில் ஒவ்வொரு ஹப்பையும், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியை, கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ சரியில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். சாதாரண கார் உரிமத்தில், அதைவிடப் பெரிய ட்ரெய்லர் என்றால், காரும் ட்ரெய்லரும் சேர்ந்து 3500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அங்கே பார்ப்பது தகட்டில் உள்ள எடையை, அன்று ஏற்றிய எடையை அல்ல. எங்கே ஓட்டினாலும் வாங்கும் முன் உரிமத்தையும் பிரேக் விதியையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது

சைடு-பை-சைடை மட்டும் தனியாகக் கொண்டுபோகும் நாட்களும் உண்டு. அப்போது கணக்கே வேறு. அதன் எடைமையம் ஆக்சில்களின் நடுவுக்கு 16 சென்டிமீட்டர் முன்னால் வந்தால் கொக்கிச் சுமை 90 கிலோவில் நிற்கிறது. இரண்டு வண்டி போகும்போது நின்ற இடத்திலேயே அதைத் தனியாக நிறுத்தினால் மூக்கு மேலே தூக்கிவிடும். அதனால் தளத்தின் ஓரத்தில் முன்சக்கரம் நிற்க வேண்டிய இடத்தை இரண்டு நிறப் பெயின்டில் குறித்தோம்: இரண்டு வண்டிக்கு மஞ்சள், தனி வண்டிக்கு வெள்ளை. ஏடிவியின் முன்னால் மண் தள்ளும் தகடு பூட்ட அவர்களுக்கு யோசனை இருக்கிறது. தகடு வந்ததும் மறுபடி எடைக் கருவியை மூக்குக்கு அடியில் வைத்து, மூன்றாவது குறி போட வேண்டும். பின்னால் நகர்த்த இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது.